படம் முடியக் கூடாத பிற்பகல்

பிற்பகல் மூன்று பத்து. முதலில் கண்ணில் பட்டது, ஸ்டோர் வாசலில் கழற்றி வைத்திருந்த இரண்டு ஜோடி கறுப்புத் தோல் ஷூக்கள். அவற்றைச் சுற்றிக் கிடந்தவை சேறு அப்பிய ரப்பர் செருப்புகளும் முழங்கால் உயர பூட்ஸுகளும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற யாரும் தோல் ஷூ போடுவதில்லை. ஒரு மழைக்காலம் தாங்காது. அட்டைப்பூச்சி உள்ளே புகுந்தால் தெரியவும் தெரியாது. இந்த ஷூக்கள் அன்று காலையில்தான் துடைக்கப்பட்டிருந்தன. கீழேயிருந்து புதிதாக யாரோ படம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிறு, போடியிலிருந்து மலையேறி, போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு எஸ்டேட்டில் படம் போட்டுக் காட்டி வருகிறேன். ஞாயிறு அரை நாள் வேலை. காய் எடுப்பு முடிந்ததும், கீழேயிருந்து ஜீப்பில் வரும் பெண்களும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலேயே குடியிருப்பவர்களும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கூடுவார்கள். ஐந்து மணிக்கு ஜீப் இறங்கும்வரை படம். சுவரில் ஒரு வேட்டி, ஒரு லேப்டாப், இரவல் புரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஸ்டோருக்கு ஒரே கதவு. ஜன்னல்கள் கைக்கு எட்டாத உயரத்தில், கம்பிவலை போட்டவை. அவற்றைத் தார்ப்பாய் கொண்டு மூடிவிட்டால் பகலிலும் கும்மிருட்டு.

வெளிநாட்டுப் படமென்றால் ஆங்கில எழுத்து கீழே ஓடும். அதைப் படிக்கிறவர்கள் அங்கே குறைவு. அதனால் நான் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். யார் பேசினாலும் என் குரல்தான். கதாநாயகியும் நான்தான், வில்லனும் நான்தான் என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

அன்று கொண்டுபோனது போலந்து நாட்டுப் படம். கறுப்பு வெள்ளை. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் எடுத்தது. ஜெர்மன் ராணுவம் ஒரு நகரத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஒரே முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் குடியிருக்கும் சிலருடைய கதை. அந்தக் காலத்தைப் பற்றி அங்கே எடுத்த முதல் படங்கள் வந்தபோது, அதையெல்லாம் பட்டு அனுபவித்தவர்களே தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று படித்திருந்தேன். சிலர் அழுதிருக்கிறார்கள். சிலர், நாங்கள் பட்டதில் பாதிகூட இதில் இல்லை, இவ்வளவு லேசாகவா இருந்தது என்று கோபப்பட்டிருக்கிறார்கள். மலையில் என்ன சொல்வார்கள் என்று பார்க்க விரும்பினேன். கையில் பேனாவும் வைத்திருந்தேன். பழைய பழக்கம்.

வயரை இணைத்துக்கொண்டிருந்தபோது, ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் அக்கா என் பக்கத்தில் வந்து குத்தவைத்தார். தேவாரம் பக்கத்திலிருந்து பெண்களைத் திரட்டிக் கொண்டுவருகிறவர். சத்தமில்லாமல் பேசி நான் அவரைக் கேட்டதே இல்லை. அன்று கிசுகிசுத்தார்.

"அண்ணே, திரும்பிப் பாக்காதீக. கதவோரத்துல ஒக்காந்திருக்கிற ரெண்டு பேரும் அந்தப் பிள்ளையோட அண்ணங்காரய்ங்க."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் முன்பு படம் முடிந்ததும் கூட்டத்தை போட்டோ எடுக்கப் போனேன். லயத்தில் குடியிருக்கும் ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காதான் காரணம் சொன்னார். வயது இருபத்திரண்டு. மலையடிவாரத்து ஊர். காதலித்து, முறையாகப் பதிவு செய்து கல்யாணம் முடித்து, கணவனோடு இங்கே வந்து ஒளிந்திருக்கிறாள். கணவன் வேறு சாதி. கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் விடமாட்டோம் என்று அவள் வீட்டார் ஊரறியச் சொல்லியிருந்தார்கள்.

"உள்ளதான் இருக்காளா?"

"நடுவுல. எங்காளுக கூட. அவய்ங்களுக்கு இன்னும் அடையாளம் தெரியல. எல்லாரும் தலையில துண்டக் கட்டிக்கிட்டு, மேல சட்டயப் போட்டுக்கிட்டு ஒண்ணு போலதான இருக்கோம். வெளிச்சம் வந்தாத்தான் ஆபத்து."

"அவள் புருஷன்?"

"பக்கத்து எஸ்டேட்டுக்கு மருந்தடிக்கப் போயிருக்கான். ஜீப்பு ஓட்டுற பாயி, போன் ரேஞ்சு கெடைக்கிற வளைவுக்கு நடந்தே போயிட்டாரு. ஜீப்ப எடுத்தா சத்தம் கேக்கும்ல. போலீசு ஸ்டேசனுக்குப் போன் போடுவாரு, அந்தப் பயலுக்கும் தாக்கல் சொல்லிருவாரு. அவுக வந்து சேர்ற வரைக்கும் படம் ஓடணும். வெளக்கப் போட்டுறாதீகண்ணே."

எழுந்து போய்விட்டார். ஒரே கதவு, அதன் ஓரத்தில் அந்த இருவர். அவளை வெளியே கொண்டுபோக வழியில்லை. நான் புரொஜெக்டரைச் சரிசெய்யும் சாக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மூத்தவனுக்கு முப்பது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, மடக்கிவிட்ட கை. இளையவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, படம் எம்புட்டு நேரம் ஓடும்?"

மரியாதையான குரல். ஒன்றரை மணி நேரம் என்றேன். உண்மையைச் சொன்னதற்கு உடனே வருந்தினேன்.

"ஓடட்டும். எங்களுக்கும் சோலி எதுவும் இல்ல" என்றான்.

படம் ஆரம்பித்தது. முற்றத்தில் ஒருவன் அக்கார்டியன் வாசித்துப் பாடுகிறான். மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் காகிதத்தில் சுற்றிய சில்லறையை வீசுகிறார்கள். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஸ்டோரே கலகலக்கும். அன்று யாரும் வாய் திறக்கவில்லை. முப்பது நாற்பது பேர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. இப்படி அமைதியாக இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த காட்சியில் ரொட்டிக்கு நீண்ட வரிசை வந்ததும் சத்தமாக ஆரம்பித்தார்.

"அடி ஆத்தி, அங்கயும் ரேசன் கடதானா?"

"கோட்டு போட்ட ரேசன் கட" என்றாள் ஒருத்தி.

"கடக்காரன் மூஞ்சியப் பாரு. ஆளுக்கு ஆள் எட குறைக்கிறான்."

சிரிப்பு வந்தது. சற்று அதிகமாகவே சிரித்தார்கள். கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. இளையவனாக இருக்கலாம்.

அதன்பிறகு படம் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு தெருவின் இரண்டு முனையிலும் சிப்பாய்கள் வந்து நிற்கிறார்கள். நடுவில் போனவர்களையெல்லாம் லாரியில் ஏற்றுகிறார்கள். பால் வாங்கப் போன பெண், பல்லுக்கு மருந்து வாங்கப் போன கிழவர், யாரையும் விடவில்லை.

"எதுக்குண்ணே பிடிக்கிறாய்ங்க?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

"காரணம் சொல்லவில்லை" என்றேன்.

"எழுத்துல போட்டிருக்கும், பாத்துச் சொல்லுங்க."

"எழுத்திலும் இல்லை."

அவள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டது திரை வெளிச்சத்தில் தெரிந்தது.

லாரியிலிருந்து தப்பிய ஒருவன் முற்றத்து வீட்டின் பரணில் வந்து பதுங்குகிறான். மூன்றாம் மாடியில் இருக்கும் விதவை அவனுக்குச் சூப் கொண்டுபோகிறாள். துவைத்த துணி வாளிக்குள் கிண்ணத்தை வைத்து, மேலே ஈரத் துணியைப் போட்டு மூடிக்கொண்டு படியேறுகிறாள். இங்கிருந்துதான் என் நாக்கு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. படத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் நான் சொன்னால்தான் இந்த அறைக்குள் கேட்கும். 'ஒளிந்திருக்கிறான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தங்கியிருக்கிறான்' என்றேன். 'தேடுகிறார்கள்' என்பதை விழுங்கிவிட்டேன். 

வீட்டு வாசல் காவலாளி ஒருவன் அந்த வாளியைக் கவனித்துவிடுகிறான். மோசமானவன் இல்லை. குழந்தைகளுக்கு மரப்பொம்மை செய்து தருகிறவன். ஒருநாள் படிக்கட்டில் ஜெர்மன் அதிகாரி அவனை நிறுத்திக் கேள்வி கேட்கிறான். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்குகிறான். வாயைத் திறக்கிறான். கீழே எழுத்து வந்தது.

நான் சொல்லப்போனேன். நடுவிலிருந்து ஒரு குரல்:

"அதச் சொல்லாதீகண்ணே!"

உடனே இன்னொருத்தி: "வேணாம்ணே, சொல்லாதீக! அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், நீங்க சொல்லாதீக!"

ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மாதாமாதம் எல்லாரும் என் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். நான் சொன்னால்தான் சொன்னதாகும். நான் வாயை மூடிக்கொண்டால் அந்த அதிகாரிக்கு விஷயம் போய்ச் சேராது என்று அவர்கள் நிஜமாகவே அந்தக் கணத்தில் நம்பினார்கள். நானும் நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை.

ஸ்பீக்கரில் போலந்து மொழி மட்டும் ஓடியது.

"என்ன சொன்னான்?" என்று பின்னாலிருந்து மூத்தவன் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, ஒங்களத்தான். அந்த வாட்ச்மேன் என்ன சொன்னான்?"

"மேலே யாரும் இல்லை என்கிறான்" என்றேன்.

திரையில் சிப்பாய்கள் தடதடவென்று மாடிப்படி ஏறினார்கள்.

மூத்தவன் சிரித்தான். "அப்பறம் எதுக்கு மேல ஓடுறாய்ங்க? காத்து வாங்கவா?"

பரணிலிருந்தவனை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். விதவை வாளியோடு படியில் நின்றாள். அந்தக் காட்சியில் நான் சொல்வதற்கு எழுத்து எதுவும் இல்லை.

நாலே முக்காலுக்குப் படம் முடிந்தது. போர் முடிகிறது, இடிந்த முற்றத்துக்குச் சிலர் திரும்பி வருகிறார்கள், அதே பாட்டு. வேட்டி வெறும் வெள்ளையானது. நான் உடனே புரொஜெக்டரின் முகத்தைக் கையால் மூடினேன். இருட்டு. வெளியே வண்டிச் சத்தம் எதுவும் இல்லை. பாய் இன்னும் வரவில்லை.

"லைட்டப் போடுங்கண்ணே" என்றான் மூத்தவன்.

"மறுபடி போடுங்க!" என்று அக்கா கத்தினார். "மொதல்ல இருந்து போடுங்கண்ணே, எனக்குப் பாதி வெளங்கல!"

"ஆமா, மறுபடி!"

"அந்தப் பாட்டுக்காரனப் பாக்கணும்!"

"ஜீப்பு கெளம்புற வரைக்கும் போடுங்க, குளுருல வெளிய எங்குட்டு நிக்கிறது?"

இந்த மாதிரிப் படத்துக்கு உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. என் விரல் லேப்டாப்பில் சரியான பொத்தானைத் தேடியது. மங்கலான வெளிச்சத்தில் எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன.

அப்போது கதவோரத்தில் வெளிச்சம் வந்தது. மூத்தவன் எழுந்து நின்று போன் டார்ச்சைப் போட்டிருந்தான். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்து, திரும்பிப் பார்த்தவர்களின் முகம் முகமாக அடித்தான். அவசரமில்லாமல் செய்தான். வெளிச்சம் ஒரு முகத்தில் நிற்கும், பிறகு அடுத்ததற்குப் போகும்.

"யார்றா அவன் டார்ச்சு அடிக்கிறது?" என்று இருட்டில் ஒரு குரல். "டிக்கெட்டு கிழிக்க வந்தவனா?"

"சீட்டு காமிக்கிறாரு போல. எங்களுக்குத் தர டிக்கெட்டுதான் அப்பு, நம்பர் கெடையாது."

"கண்ணு கூசுது, அணைப்பா!"

கண் கூசுகிறது என்று சொன்னவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்தாள். பக்கத்திலிருந்தவளும் மறைத்தாள். அதன்பிறகு வெளிச்சம் போன இடமெல்லாம் கைகள்தான் இருந்தன. ஏலச்செடியின் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். எல்லாக் கையும் ஒன்றுபோல. நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் சற்று அதிக நேரம் நின்றது. அங்கிருந்த கை நடுங்கியது. நான் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த வரிசையில் நடுங்காத கை எது என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா எழுந்து வெளிச்சத்துக்கு நேராக நின்றார். "ஒக்காரு மாப்ளே. படம் போடப்போறாக. பெரிய மனுசன் நீயே மறச்சுக்கிட்டு நின்னா பின்னால இருக்கவுக என்னத்தப் பாக்க?"

"எங்களுக்குப் பின்னால யாரும் இல்ல, ஆத்தா" என்றான் அவன்.

ஆனால் டார்ச்சை அணைத்தான். நாற்பது பேர் நடுவில் அவர்கள் இரண்டே பேர். அதோடு, ஒரே கதவு. அவனால் காத்திருக்க முடியும்.

இரண்டாம் முறை படம் ஓடியது. அந்த முறை அக்கார்டியன்காரன் பாடியதும் பெண்கள் மெட்டை முனகினார்கள். சொல் தெரியாது, மெட்டு ஒருமுறை கேட்டதுதான், இருந்தும் பிடித்துக்கொண்டார்கள். முனகல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி ஸ்டோர் முழுக்க நிறைந்தது. சந்தோஷத்தில் பாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்கள். ரொட்டி வரிசைக்கு யாரும் கிண்டல் பேசவில்லை. லாரிக் காட்சியில் யாரும் காரணம் கேட்கவில்லை. நான் என் பங்குக்கு, சொல்லவேண்டிய வாக்கியங்களை இரண்டு மடங்காக நீட்டினேன். படத்தை நிறுத்தி, அந்த ஊரின் குளிரைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பேசினேன். மூத்தவன் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

காவலாளி தொப்பியைக் கழற்றும் இடம் மறுபடி வந்தது. இந்த முறை யாரும் என்னைத் தடுக்கவில்லை. எழுத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன்: "பரணில் ஒருவன் இருக்கிறான். எனக்குக் குடும்பம் இருக்கிறது, ஐயா."

சிப்பாய்கள் ஏறினார்கள். முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பின்னால் ஒரு சலசலப்பு. இளையவன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்தது. "எங்கடா போற?" என்று மூத்தவன் கேட்டான். கதவு மூடிக்கொண்டது. அவன் உள்ளே திரும்பி வரவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு வண்டிகள். நான் படத்தை நிறுத்தவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் போலீசும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாய், பாய்க்குப் பின்னால் மருந்து வாடை அடிக்கும் சட்டையோடு அந்தப் பெண்ணின் கணவன். பெண் போலீஸ் மலையாளம் கலந்த தமிழில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடுவரிசையில் யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் அக்காவே கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

பெண் போலீஸ் கேட்டது ஒரே கேள்வி: யாரோடு போக விரும்புகிறாய்? அவள் கணவனைக் கையால் காட்டினாள்.

மூத்தவன் அவளைப் பார்த்தபடியே நின்றான். திட்டவில்லை. அவள் அவனைக் கடந்துபோகும்போது, "ஆத்தா ஒனக்காக அழுதுக்கிட்டுக் கெடக்கு" என்று மட்டும் சொன்னான். நிற்காமல் போனாள். போலீஸ் வண்டி அவளையும் கணவனையும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. அண்ணன்மார்களை இன்னொரு வண்டியில் ஏற்றி, ஸ்டேஷனில் வைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது.

ஸ்டோரில் நான் விளக்கைப் போட்டேன். பெண்கள் உடனே எழவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நிம்மதியாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை.

"இங்கதான் இருக்கான்னு அவய்ங்களுக்கு யாரு சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"படம் போடுற நாளு, எடம் எல்லாம் கரெக்டா தெரிஞ்சில்ல வந்திருக்காய்ங்க" என்றாள் இன்னொருத்தி.

"லயத்து ஆளுக கீழயே எறங்குறதில்ல. அவுக இல்ல."

கீழே தினமும் இறங்குகிறவர்கள் ஜீப்பில் வருகிற பெண்கள் மட்டும்தான். அப்படியென்றால் சொன்னது அவர்களில் ஒருத்தி. அக்கா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். "வெரசா வாங்கடி, இருட்டிருச்சு" என்றார். நானும் அவர்களோடு ஜீப்பில் ஏறினேன். பின்னால் நெருக்கி உட்கார்ந்தவர்கள் வழக்கமாகப் போடிமெட்டு இறக்கத்தில் ஆரம்பித்து அடிவாரத்து முந்தல் வரும்வரை பேச்சை நிறுத்தமாட்டார்கள். அன்று பாய் மட்டும், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணும் கணவனும் நலமாக இருப்பதாக அக்கா சொன்னார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து, அந்த ஜீப்பில் வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வேறு ஜீப்பில் வேலைக்குப் போகிறாள்.